ஐம்பத்தெட்டாவது மாடி

பிப்ரவரி 4

மச்சினனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊரில் பல் விழுகிறவர்கள் இருக்கும்வரை பல்செட் செய்கிறவனுக்கு என்ன குறை.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் உன் அக்கா என்னை விட்டு உன் வீட்டுக்கு வந்தபோது, என் அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கையடக்க வீடியோ கேம் மெஷினில் சொருகுவது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், மேலே ஏணி பிடித்த ஒரு குட்டை மனிதன் படம். அது எனக்கு வேண்டும்.

ஏன் என்று கேட்க உனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கம்பெனி முதல் வருஷத்தில் வெளியிட்டது முப்பத்தொரு கேம். முப்பது என்னிடம் கடையிலிருந்து வந்தபடியே, உறை பிரிக்காமல் இருக்கிறது. முப்பத்தொன்றாவதற்கு அட்டைப்பெட்டி இருக்கிறது. விளக்கப் புத்தகம் இருக்கிறது. உன் அக்கா கிழித்த கண்ணாடித்தாள் உறையைக்கூட மடித்து வைத்திருக்கிறேன். கேசட் மட்டும் இல்லை. எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. கை நடுங்குகிறது, வலது கண்ணில் புரை. இந்த ஒன்றையாவது முழுசாக முடித்துவிட்டுப் போக நினைக்கிறேன்.

பதில் எழுத்தில் வரட்டும். என் வீட்டில் போன் கிடையாது. உன் அக்கா வீட்டை விட்டுப் போன இரண்டாம் மாசமே இணைப்பை எடுத்துவிட்டேன். பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும். நீ என்ன எழுதினாய் என்று பிறகு உன்னிடமே காட்டலாம்.

உன் அக்கா புருஷன்

பிப்ரவரி 11

அத்தானுக்கு,

நாலு வருஷம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். முதல் வரியிலேயே பல்லைப் பிடுங்கிவிட்டீர்கள். பரவாயில்லை, பழக்கம்தான்.

கேசட் இங்கேதான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது. ஆனால் அனுப்ப முடியாத நிலைமை. காரணத்தைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அக்காவின் கண்ணாடி இருக்கிறது, சாம்பல் நிற ஸ்வெட்டர் இருக்கிறது, பாதி படித்த இரண்டு புத்தகம் இருக்கிறது. எது வேண்டுமானாலும் அனுப்புகிறேன். இது மட்டும் வேண்டாம்.

போன் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்கா கண்ணை மூடிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி உங்கள் எண்ணுக்குப் பதினோரு தடவை போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் பதினோரு தடவையும் சொன்னது. அந்தக் காலம் மாதிரி ஆள் அனுப்பித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்று, "எனக்குச் சொல்லணும்னு தோணலையாடா உனக்கு" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனீர்கள். அன்று சொல்ல முடியாததை இன்று எழுதிவிட்டேன். எழுத்து நிற்கும் என்றீர்களே, நிற்கட்டும்.

உங்கள் மைத்துனன்

பிப்ரவரி 18

மச்சினனுக்கு,

காரணத்தைக் கேட்காதீர்கள் என்கிறாய். நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு கொடுக்காதவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

உனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கத்தையும் கேள்.

நான் எட்டாவதோடு நின்றவன். லிஃப்ட் வேலையை எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கற்றேன். நாற்பது வயதில் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடியில் வீடியோ கேம் கடை. கடையை மூடிக்கொண்டு போகிறவர்கள் விற்காத சரக்கை லிஃப்டில் இறக்கிக் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் இறக்கியது என் வீட்டில். அதுவரை அப்படி ஒன்றை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் நான் பார்த்தது தேய்ந்த கயிறு, கருகிய மோட்டார், எவனோ ஆணியால் கிறுக்கிய கதவு. செய்தவன் மூடியபடியே, ஒரு கைரேகை படாமல் ஒரு பொருளை அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறம் முப்பது வருஷம் தேடித் தேடிச் சேர்த்தேன்.

உன் அக்கா கேட்பாள், "விளையாடறதுக்குத்தானே செஞ்சாங்க?"

"பிரிச்சா பழசாயிடும்."

"பிரிக்காட்டி மட்டும் குட்டி போடுமா?"

ஒரு நாள் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். அவள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, எங்கேயோ வாங்கின பழைய மெஷினில் விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிழிந்த உறை. நான் நிற்பது தெரிந்தும் தலை நிமிரவில்லை. "கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆச்சு. என்னையும் உறையோட வெச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க" என்றாள்.

நான் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. அந்த அறைக்குப் பூட்டுப் போட்டேன். பதினோரு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தாள். நல்ல தம்பியாக இருந்தால் என்ன செய்திருப்பான்? போய் அத்தானோடு பேசு என்று அடுத்த வண்டியில் ஏற்றியிருப்பான். நீ புதுக் கட்டில் வாங்கிப் போட்டாய்.

கேசட்டை அனுப்பு.

மார்ச் 1

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தேன். இனியும் மறைத்தால் நீங்கள் சொல்கிற திருடனாகவே ஆகிவிடுவேன். சொல்லிவிடுகிறேன்.

கேசட் அக்காவின் மெஷினுக்குள் இருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று காலை அக்கா வழக்கம்போல ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். மெஷின் எப்போதும் அடாப்டரில்தான் ஓடும். பேட்டரி போட்டு மாளாது என்பாள். நான் பக்கத்து அறையில் ஒரு மேல்தாடைப் பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். "டேய், இங்க வா" என்றாள். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸ்காரர்கள் மூன்று மாடி ஏறி ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். அந்த நிலைமையிலும் அவள் ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தி, மெஷினை மேஜையில் வைத்துவிட்டுத்தான் படுத்தாள். "ஆஃப் பண்ணிடாதே. அம்பத்தெட்டாவது மாடி. இன்னும் ரெண்டுதான் பாக்கி. வந்து முடிக்கறேன்" என்றாள்.

நான் சரி என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

அந்த கேமில் ஆடினவரை சேமித்து வைக்கிற வசதி கிடையாது. அணைத்தால் எல்லாம் போய்விடும், மறுபடி முதல் மாடி. உங்களுக்குத் தெரியாததா. அதனால் அணைக்கவில்லை. முதல் வாரமே கம்ப்யூட்டருக்கு வைக்கிற யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தேன். கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்கும். அந்த அரை மணியும் பக்கத்திலேயே நிற்பேன். பல்செட் துடைக்கிற பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன். நான் வெளியூரில் தங்கி நாலு வருஷமாகிறது.

கேசட்டை எப்படி அனுப்புவேன், சொல்லுங்கள்.

மார்ச் 8

மச்சினனுக்கு,

நீ செய்திருப்பது மடத்தனம். அந்தக் காலத்துத் திரை அது. அசையாத படத்தை வருஷக்கணக்கில் காட்டினால் திரையிலேயே ஒட்டிக்கொள்ளும். இதைக் கேட்க உனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையா? நான் ஒருவன் உயிரோடுதானே இருந்தேன்.

சரி, நடந்தது நடந்தது. கீழே உள்ளதற்குப் பதில் எழுது. ஊகிக்காதே, பார்த்து எழுது.

ஆள் எங்கே நிற்கிறான், ஏணியிலா தரையிலா? எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது? எத்தனை உயிர் மிச்சம்? அடாப்டர் சூடாகிறதா? மெஷினின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண் என்ன?

விளக்கப் புத்தகத்தை நேற்று எடுத்துப் படித்தேன். அதன் உறைதான் ஏற்கெனவே போய்விட்டதே. குட்டை மனிதன் ஏணியோடு மாடி மாடியாக ஏறி, ஜன்னல் விளக்குகளை ஏற்ற வேண்டுமாம். காற்று வந்து அணைக்குமாம். மொத்தம் அறுபது மாடி. அறுபதாவதில் என்ன இருக்கிறது என்று போடவில்லை.

ஐம்பத்தெட்டு மாடி ஏறினாளா அவள்? எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்கு ஏறவே மூச்சு வாங்குகிறது என்பாள்.

மார்ச் 15

அத்தானுக்கு,

பார்த்து எழுதுகிறேன். குட்டை மனிதன் ஏணியில் நிற்கிறான், நடுவில், ஒரு காலைத் தூக்கியபடி. ஏழு ஜன்னலில் நாலு எரிகிறது. உயிர் ஒன்று. மேலே ஒரு மேகம் வாயைக் குவித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் காற்று போலிருக்கிறது. அடாப்டர் வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டிக்கரில் எண் இல்லை. அக்காவின் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

இவ்வளவு தூரம் எப்படி ஏறினாள் என்று எனக்கும் தெரியாது. எட்டு மாசம் என் வீட்டில் தினம் விளையாடினாள். நான் ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாங்கின வேலையை முடிக்க வேண்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். "போச்சு" என்று ஒரு குரல் வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்த ஆரம்பப் பாட்டு. அதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் கட்டடத்தில் வயரிங் முழுவதையும் மாற்றப் போகிறார்கள். ஏப்ரல் இரண்டிலிருந்து மூன்று நாள் கரண்ட் கிடையாது. யு.பி.எஸ். அரை மணிக்கு மேல் தாங்காது. கீழ்க்கடை எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். "அண்ணே, கவலையே வேணாம். யு.பி.எஸ்ஸோட அப்படியே தூக்கிட்டு எதிர்ப்பக்கம் என் தம்பி கடைக்கு வந்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. மூணு நாள் அங்க ஓடட்டும்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மார்ச் 21

மாப்பிள்ளை,

முடியாது. உன் அக்கா விட்டுப்போனதை எவன் கடையிலோ, எவன் பார்வையிலோ வைக்கக் கூடாது. இங்கே கொண்டு வா. அவள் வீடு இது.

செய்ய வேண்டியது இதுதான். நாலு புது பேட்டரி வாங்கு. அடாப்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க மூடியைத் திறந்து போடு. பிறகு அடாப்டர் வயரை மெஷினிலிருந்து உருவு. பேட்டரி தானாக ஏற்றுக்கொள்ளும். புது பேட்டரி பதினைந்து மணி நேரம் தாங்கும். உன் ஊரிலிருந்து இங்கே ஒன்பது மணிப் பயணம். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள். இங்கே வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மாதிரி மெஷின் ஆறு ஏழு பழுது பார்த்திருக்கிறேன். எல்லாம் இப்படித்தான். இதற்கான சர்வீஸ் புத்தகமே என் அலமாரியில் இருக்கிறது, ஊரில் வேறு எவனிடமும் இருக்காது.

உன் கட்டில் அறை மாதிரி இல்லாவிட்டாலும், இங்கேயும் ஒரு படுக்கை போட்டு வைக்கிறேன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். பூட்டைக் கழற்றிவிட்டேன். மேஜையை ஜன்னலோரம் தள்ளியிருக்கிறேன். அவள் உட்கார்ந்த மாதிரியே வெளிச்சம் விழும்.

மார்ச் 26

அத்தானுக்கு,

நீங்கள் மாப்பிள்ளை என்று எழுதியதைப் பார்த்ததும் இன்றைக்கே கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் எலக்ட்ரீஷியன் ஒன்று சொல்கிறார். சொல்லாமல் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

"சில மெஷின்ல அடாப்டர் வயர் சொருகற ஓட்டைக்குள்ள ஒரு தகடு இருக்கும்ணே. வயர் உள்ள இருக்கற வரைக்கும் பேட்டரியைத் துண்டிச்சு வெச்சிருக்கும். உருவறப்ப ஒரு நொடி ரெண்டு பக்கமும் கரண்ட் இருக்காது. அந்த ஒரு நொடி போதும். இது எந்த மாதிரின்னு நம்பர் பாத்தாத்தான் தெரியும்" என்கிறார்.

நம்பர்தான் தேய்ந்துவிட்டதே. உங்களிடம் சர்வீஸ் புத்தகம் இருக்கிறது என்றீர்கள். அதில் இப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து எழுத முடியுமா? விரைவுத் தபாலில் எழுதினால் முப்பதாம் தேதிக்குள் வந்துவிடும்.

மார்ச் 28, விரைவுத் தபால்

மாப்பிள்ளை,

அந்த எலக்ட்ரீஷியனுக்கு என்ன வயசு? நான் முப்பத்திரண்டு வருஷம் மனிதர்களை ஏற்றி இறக்கினவன். என் லிஃப்டில் ஒரு ஆள் விழுந்ததில்லை. புத்தகம் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

தைரியமாக உருவு. தயங்கித் தயங்கி உருவாதே. ஒரே இழுப்பு.

மார்ச் 31

அத்தானுக்கு,

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு நீங்கள் சொன்னபடியே செய்தேன். பேட்டரி நாலும் புதுசு. கடைக்காரரைச் சோதித்துக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன். மூடியைத் திறந்து போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. ஒரே இழுப்பாக உருவினேன்.

திரை வெளுத்தது. பிறகு கம்பெனி பெயர் மேலிருந்து இறங்கி வந்தது. பிறகு அந்த ஆரம்பப் பாட்டு.

குட்டை மனிதன் முதல் மாடியில் நின்றான். விளக்கு ஒன்றும் எரியவில்லை.

பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5

மச்சினனுக்கு,

நீ தயங்கியிருப்பாய். ஒரே இழுப்பு என்று எழுதியிருக்கிறாய். உன் கையை எனக்குத் தெரியும். பேட்டரியை ஸ்பிரிங்கில் அழுத்தி உட்கார வைத்திருக்கமாட்டாய். பல் மெழுகைப் பிடிக்கிற மாதிரி பூப்போலப் பிடித்திருப்பாய். இது பல் இல்லை.

நாலு வருஷம் உன்னால் காப்பாற்ற முடிந்தது, என்னிடம் வரும் சமயத்தில் மட்டும் முடியவில்லை. முதலில் அவளை அனுப்பவில்லை. பிறகு அவள் போன சேதியை நேரத்துக்கு அனுப்பவில்லை. இப்போது இது.

உன்னிடமிருந்து இனி எனக்கு ஒன்றும் வேண்டாம். கேசட்டும் வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

ஏப்ரல் 9, பார்சலுக்குள் வைத்தது

அத்தானுக்கு,

வேண்டாம் என்றீர்கள். இருந்தாலும் மெஷினையும் கேசட்டையும் இதோடு அனுப்புகிறேன். தாமதிக்காமல் பிரியுங்கள். காரணம் இருக்கிறது.

நேற்று மெஷினைத் துடைக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அணைந்த திரையில் மங்கலாக அவன் தெரிகிறான். ஏணி, தூக்கின கால், எரிகிற நாலு ஜன்னல். நீங்கள் எழுதினீர்களே, படம் திரையில் ஒட்டிக்கொள்ளும் என்று, அதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமாண்ணே, தெரியுது. ஆனா இது நிக்காது. நாளுக்கு நாள் மங்கிடும்" என்றார். இன்று நேற்றைவிட மங்கல். அதனால்தான் அவசரமாக அனுப்புகிறேன். உங்களுக்கு இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது. மெஷினை ஆன் செய்யாமல், ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அக்கா விட்ட இடம் அதுதான்.

எலக்ட்ரீஷியன் மெஷினைத் திறந்தும் பார்த்தார். உள்ளே பலகையில் எண் இருந்தது. முதல் தயாரிப்பாம். அந்தத் தகடு உள்ள மாதிரி. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. என் கை தயங்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்தேன். ஏன் அந்த கேமையே பிடித்துக்கொண்டு கிடக்கிறாய் என்று அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். "முடிச்சுட்டு அவருக்குப் போன் பண்ணணும்டா" என்றாள். "பண்ணி?" என்றேன். "அறுபதாவது மாடில என்ன இருக்குன்னு சொல்லுவேன். முப்பது வருஷமா அலமாரில வெச்சிருக்காரே தவிர, உள்ள என்ன இருக்குன்னு அந்த மனுஷனுக்கே தெரியாது. கேட்டா கோபம் போயிடும், பாரு." இப்போதே பண்ணேன் என்றேன். "வெறுங்கையோட எப்படிடா பண்றது" என்றாள்.

உங்கள் மைத்துனன்

மே 20

மாப்பிள்ளைக்கு,

உன் பார்சல் ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி வந்தது. தபால்காரரிடம் வேண்டாம் என்றேன். "பெரியவரே, என்னன்னு பார்க்காமயே வேணாங்கறீங்களே" என்றார். அனுப்பினவனைத் தெரியும், அது போதும் என்றேன். "பதினஞ்சு நாள் ஆபீஸ்ல வெச்சிருப்போம். மனசு மாறினா வாங்க. அப்புறம் திரும்பிப் போயிடும்" என்றார். எனக்கு மனசு மாறுகிற பழக்கம் இல்லை. பதினைந்தாம் நாள் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே.

கடிதத்தை வாசித்துவிட்டு, ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்த அந்த மேஜையில் உட்கார்ந்து மெஷினைச் சாய்த்துப் பிடித்தேன். இடது கண்ணால் பார்த்தேன். காலையில் பார்த்தேன், நடுப்பகலில் பார்த்தேன், வெயில் சாய்ந்த பிறகும் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன தெரியணும், தாத்தா?" என்று கேட்டது. ஒரு ஆள், ஏணி, நாலு ஜன்னல் என்றேன். அது என் தோளுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தது. "உங்க முகம்தான் தெரியுது" என்றது.

பதினைந்து நாள். வந்த அன்றே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். சர்வீஸ் புத்தகம் என்னிடம் இருக்கிறது என்று எழுதினேன். இருந்தது, பொய் இல்லை. அலமாரியில், மேல்தட்டில், உறையோடு இருந்தது. பத்தொன்பது வருஷமாக நான் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் பழசாகிவிடும் என்று பிரிக்கவில்லை. நீ பார்த்து எழுதச் சொன்ன அன்றும் கையில் எடுத்தேன். உறை மேல் ஒரு சுருக்கம் இல்லை. திரும்ப வைத்துவிட்டு, எனக்குத் தெரியும் என்று உனக்கு எழுதினேன்.

உன் பார்சலைப் பிரித்த அன்று அதையும் பிரித்தேன். பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. முதல் தயாரிப்பில் அடாப்டரை உருவினால் மெஷின் அணையும் என்று கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. உன் கையில் குற்றம் இல்லை.

இதற்காக உன்னோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம் நீ. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, அது இருக்கும். மற்ற இரண்டையும் உன் தலையில் போட்டேன், அவை என்னுடையவை.

போன் விஷயம். உன் அக்கா வீட்டை விட்டுப் போன இரண்டாம் மாசம் இணைப்பை எடுத்தேன் என்று எழுதினேன் அல்லவா. ஏன் எடுத்தேன் தெரியுமா? அது அடிக்காமல் இருந்ததால். அறுபது மாடியும் ஏறி முடித்திருந்தாலும் அந்தப் பெண் குரல்தான் அவளுக்கும் பதில் சொல்லியிருக்கும்.

கேசட்டை அட்டைப்பெட்டியில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. முப்பத்தொன்றும் முழுசாகிவிட்டது. அரை நாள் அப்படியே இருந்தது. பிறகு எடுத்து மெஷினில் சொருகிவிட்டேன்.

நான் இப்போது விளையாடுகிறேன். சிரிக்காதே. காலையில் பல் தேய்த்ததும் உட்கார்ந்தால் கை வலிக்கும்வரை. நடுக்கத்தில் ஒரு தடவை அழுத்த வேண்டியது மூன்று தடவை அழுந்துகிறது. அவன் ஏணியோடு விழுகிறான். "போச்சு" என்று என் வாயிலும் வருகிறது. இத்தனை நாளில் நாலு மாடிதான் ஏறியிருக்கிறேன். ஐந்தாவதில் காற்று இரண்டு பக்கமும் வருகிறது. ஒரு பக்கத்து விளக்கை ஏற்றிவிட்டு மறுபக்கம் போவதற்குள் இது அணைந்துவிடுகிறது. விளக்கப் புத்தகத்தில் இதற்கு வழி சொல்லவில்லை. இந்தக் கை இனி தேறாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அறுபதாவது மாடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியப் போவதில்லை.

இதை எழுதுவதற்காக ஐந்தாவது மாடியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மெஷினின் சிவப்பு விளக்கு எரிகிறது.

நீ ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். நினைவிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். இந்த ஐந்தாவது மாடியை உன் அக்கா எப்படித் தாண்டினாள் என்று, தண்ணீர் எடுக்கப் போகும்போதோ வரும்போதோ, ஒரு தடவையாவது உன் கண்ணில் பட்டிருந்தால் எழுது.

உன் அத்தான்